பக்கத்து இருக்கை

பின்லாந்தின் யுவாஸ்கிலா நகரைச் சுற்றியுள்ள காட்டுப் பகுதியில் ஓவுனின்போயா என்றொரு மண் சாலை இருக்கிறது. அகலம் குறைவு, மேடுபள்ளம் அதிகம். கார் ராலி ரசிகர்களுக்கு அது புண்ணிய க்ஷேத்திரம் மாதிரி. 2003 ஆகஸ்டில் அந்தச் சாலையின் ஒரு மேட்டை மணிக்கு 171 கி.மீ. வேகத்தில் நெருங்கிய ஃபோர்டு ஃபோகஸ் கார் ஒன்று தரையை விட்டு எழும்பி, 57 மீட்டர் தூரம் காற்றிலேயே போய் மறுபடி தரையைத் தொட்டது. வரிசையாக நிறுத்தி வைத்த ஐந்து பஸ்களைத் தாண்டும் தூரம்.

காரை ஓட்டியவர் எஸ்டோனியாவின் மார்க்கோ மார்ட்டின். அந்தப் பாய்ச்சலைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் காருக்குள் இன்னொருவர் இருந்தார். மைக்கேல் பார்க், இங்கிலாந்துக்காரர். மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கார் ஆகாயத்தில் இருக்கும்போதும் அடுத்து என்ன வளைவு என்று படித்துச் சொல்வது அவர் வேலை. ஊரே வாய் பிளந்து பார்த்த காட்சியை அதற்கு மிக அருகில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.

மார்ட்டினின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அவருடைய வெற்றிகளை எண்ணுவார்கள். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் மொத்தம் ஐந்து. அதைவிட அவர் 29 வயதில் எடுத்த ஒரு முடிவுதான் அவர் யார் என்பதைச் சொல்கிறது. அந்த முடிவு பக்கத்து இருக்கையைப் பற்றியது.

எஸ்டோனியா பால்டிக் கடலோரத்தில் உள்ள குட்டி நாடு. மக்கள் தொகை சுமார் 13 லட்சம். நம் நாட்டில் ஒரு நடுத்தர மாவட்டத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1991 ஆகஸ்டில் விடுதலை பெறும்வரை சோவியத் யூனியனின் ஒரு பகுதி. அந்த நாட்களிலேயே அங்கே மோட்டார் பந்தய மோகம் உண்டு. டாலின் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான 'எஸ்டோனியா' என்ற பந்தயக் கார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, சோவியத் யூனியன் முழுக்க ஓடின. ஆனால் எஸ்டோனியர் எவர் எந்த விளையாட்டில் ஜெயித்தாலும் கணக்கு மாஸ்கோவின் பேரில்தான். நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியைப் பல பத்தாண்டுகள் வெளியில் காட்டவே முடியாது.

எனவே விடுதலைக்குப் பிறகு அந்தக் கொடியோடு வெளிநாட்டில் யாராவது மேடை ஏறினால் அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் எர்க்கி நூல் டெகாத்லானில் தங்கம் வாங்கினார். 2002ல் பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஆந்த்ருஸ் வேர்பாலு தங்கம் வாங்கினார். அடுத்த பெயராக மார்க்கோ மார்ட்டின் வந்தார்.

1975 நவம்பரில் டார்ட்டு நகரில் பிறந்தவர். 1632ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர் அது. தொண்ணூறுகளின் இறுதியில் டொயோட்டா காரோடு உலகப் போட்டிகளில் தலைகாட்டினார். 2001ல் சுபாரு அணியில் இடம் கிடைத்தது. 2002ல் ஃபோர்டு. அங்கே அவருக்கு மூத்த சகாக்கள் காலின் மக்ரேயும் கார்லோஸ் சைன்ஸும். இருவரும் உலக சாம்பியன்கள். அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டிஷ் ராலியில் இரண்டாவதாக வந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த பையன் இல்லை இவர் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 2003ல் அந்த இரு மூத்தவர்களும் போய்விட, மார்ட்டினே ஃபோர்டு அணியின் முதல் ஓட்டுநர்.

பார்க் அவரோடு சேர்ந்தது 2000ல். வயதில் ஒன்பது ஆண்டு மூத்தவர். ராலி வட்டாரத்தில் 'பீஃப்' என்ற பட்டப்பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்குள் என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் ராலி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரே பாதையை ஐம்பது, அறுபது முறை சுற்றுவார்கள். ஒவ்வொரு வளைவும் ஓட்டுநருக்கு மனப்பாடம். காரில் ஒரே ஓர் இருக்கை. ராலி அப்படியல்ல. பல நாட்கள், பல கட்டங்கள். ஒரு கட்டம் சில கிலோமீட்டரில் முடியலாம், முப்பது கிலோமீட்டரைத் தாண்டியும் போகலாம். கிராமத்து ஜனங்கள் தினமும் புழங்கும் சாலைகள்தான் பந்தயத்துக்காக மூடப்படுகின்றன. கார்களை இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். எதிராளி கண்ணில் படமாட்டார். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி.

இத்தனை நூறு கிலோமீட்டர் சாலையை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் போட்டிக்கு முந்தைய நாட்களில் ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான வேகத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி உண்டு. ஓட்டுநர் சொல்லச் சொல்ல நேவிகேட்டர் எழுதிக்கொள்கிறார். வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மை, அடுத்ததற்கு எத்தனை மீட்டர், மேடு வருகிறதா, உள்பக்கம் கல் இருக்கிறதா - எல்லாம் எண்களாகவும் குறியீடுகளாகவும் நோட்டில் ஏறுகின்றன. போட்டியன்று ஹெல்மெட்டில் உள்ள மைக் வழியாக அதைப் படிக்கிறார். சீக்கிரம் படித்தால் ஓட்டுநருக்குக் குழப்பம். தாமதமாகப் படித்தால் பிரேக் போட நேரமில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை எங்கே திரும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 'நேர்' என்று காதில் விழுந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பந்தயம் போயிற்று. எடுக்காமல் இருக்க வேண்டுமானால் படிக்கிறவர் மீது சந்தேகமே இருக்கக் கூடாது.

டார்ட்டுவில் பிறந்தவரும் இங்கிலாந்தில் பிறந்தவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு இந்த நம்பிக்கையைக் கட்டினார்கள்.

2003 ஜூனில் கிரீஸ் நாட்டில் அக்ரோபோலிஸ் ராலி. கல்லும் புழுதியும் வெயிலுமாகக் கார்களை உடைத்துப் போடும் போட்டி அது. ஒரு கட்டத்தில் மார்ட்டின் காரின் பானெட் திறந்துகொண்டு எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிட்டது. எவரும் நிறுத்திவிட்டு இறங்கியிருப்பார்கள். மார்ட்டின் நிறுத்தவில்லை. பானெட்டுக்குக் கீழே தெரிந்த ஒரு சிறு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கண் பாதி மறைந்த அந்தக் கிலோமீட்டர்களில் காதுதான் மீதி வேலையைச் செய்தது. அந்த ராலியை அவர்கள் ஜெயித்தார்கள். உலக ராலி ஒன்றில் எஸ்டோனியர் ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் முறை.

இரண்டு மாதம் கழித்து பின்லாந்து. எஸ்டோனியர்களுக்கு இது ஏறக்குறைய சொந்த ஊர்ப் போட்டி. டாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கடல் வழியாக 80 கி.மீ.தான். மொழிகள்கூட தமிழும் மலையாளமும் போல உறவுடையவை. கப்பல் ஏறிக் கொடிகளோடு ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளாக அங்கே தொடர்ந்து வென்றவர் மார்க்கஸ் கிரான்ஹோம், பின்லாந்தின் செல்லப் பிள்ளை. அவருடைய ஊரில், அவருடைய சாலைகளில் மார்ட்டின் ஜெயித்தார். அண்டை வீட்டுப் பெரியண்ணனை அவன் வீட்டு முற்றத்திலேயே தோற்கடித்த சந்தோஷம் எஸ்டோனியர்களுக்கு.

2004 இன்னும் நல்ல ஆண்டு. உலக சாம்பியன்ஷிப்புக்கு முதல் முறையாக வந்த மெக்சிகோ ராலியில் வெற்றி. அக்டோபரில் கார்சிகாவிலும் ஸ்பெயினின் கட்டலோனியாவிலும் அடுத்தடுத்து வெற்றி. கடைசி இரண்டும் தார்ச்சாலைப் போட்டிகள். மண் சாலையில் வளர்ந்த வடநாட்டுக்காரர்களுக்குத் தார்ச்சாலை ஒத்துவராது என்ற பழைய நம்பிக்கையை அவை உடைத்தன. ஆண்டு முடிவில் செபாஸ்டியன் லோப் 118 புள்ளிகளோடு சாம்பியன். பெட்டர் சோல்பர்க் 82. மார்ட்டின் 79. உலகத்தில் மூன்றாவது இடம். 2005ல் பெஜோ நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. சாம்பியன் பட்டம் எப்போது என்பதுதான் எஸ்டோனியாவில் கேள்வியாக இருந்தது. கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

2005 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் ராலியின் கடைசி நாள். தெற்கு வேல்ஸில் மார்கம் பார்க் என்ற இடத்தில் 15வது கட்டம். மார்ட்டினின் பெஜோ சாலையை விட்டு விலகி ஒரு மரத்தில் மோதியது. மோதிய பக்கம் நேவிகேட்டர் உட்காரும் பக்கம். மார்ட்டினுக்குப் பெரிய காயம் எதுவும் இல்லை. மைக்கேல் பார்க் இறந்துபோனார். வயது 39.

மீதிக் கட்டங்கள் ரத்தாயின. அன்று முன்னணியில் இருந்தவர் லோப். அப்படியே முடிந்தால் அந்த ஆண்டின் உலகப் பட்டம் அவருக்கு அங்கேயே உறுதியாகிவிடும். அவர் வேண்டுமென்றே சோதனைச் சாவடிக்கு முன்னதாகவே வந்து நேர அபராதம் வாங்கிக்கொண்டு மூன்றாவது இடத்துக்கு இறங்கினார். ஒரு சாவு நடந்த நாளில் பட்டம் வேண்டாம் என்பது அவர் எண்ணம். வெற்றி சோல்பர்க்குக்குப் போயிற்று. அவரும் அதைக் கொண்டாடவில்லை.

மார்ட்டின் அந்தப் பருவத்தின் மீதிப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். அதன்பின் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் அவர் முழுநேர ஓட்டுநராகத் திரும்பி வரவேயில்லை.

இந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் அன்றும் இன்றும் இரு கருத்துகள் உண்டு. மோட்டார் பந்தயம் சாவோடு பழகிய விளையாட்டு. 1993ல் ஆஸ்திரேலிய ராலியில் நியூசிலாந்தின் பாசம் போர்ன் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி அவருடைய நேவிகேட்டர் ரோட்ஜர் ஃப்ரீத் இறந்தார். போர்ன் தொடர்ந்து ஓட்டினார், ஆசிய பசிபிக் பட்டங்களை வென்றார். பத்தாண்டு கழித்து, 2003ல், ஒரு போட்டிக்கான பாதையைப் பார்வையிடும்போது நேர்ந்த விபத்தில் அவரும் இறந்தார். அவர் தொடர்ந்தது தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. நண்பனின் நினைவுக்காகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மார்ட்டினுக்கு அந்த வழி ஒத்துவரவில்லை.

அவர் விட்டுவிட்டுப் போனது எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லோப் இவரைவிட ஓராண்டு மூத்தவர். அவர் ஒன்பது முறை உலகப் பட்டம் வென்றார். 2022 ஜனவரியில், 47 வயதில், மாண்டி கார்லோ ராலியை ஜெயித்தார். அந்த வெற்றியில் அவருக்குப் பக்கத்தில் நோட்டைப் படித்தவர் இசபெல் கால்மிஷ் என்ற பள்ளி ஆசிரியை. திறமையான ஓட்டுநருக்கு ராலியில் 29 வயது என்பது ஆரம்பம்தான் என்று இதிலிருந்து தெரியும். கொடியை ஆட்டிய நாட்டுக்கும் மார்ட்டின் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 13 லட்சம் பேர் ஒரு காரில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, ஓட்டுநர் மட்டும் இறங்கிப் போவது சுலபமில்லை.

2006ல் அவர் மீண்டும் பந்தயத்தில் தென்பட்டார். டென்மார்க்கின் டூரிங் கார் சாம்பியன்ஷிப். வட்டப் பாதைப் பந்தயம் அது. ஓட்டுநர் தன்னந்தனியாக ஓட்டுவது. பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. பிற்பாடு கார் நிறுவனங்களுக்குச் சோதனை ஓட்டுநராக இருந்தார். உள்ளூர்ப் போட்டிகளில் அவ்வப்போது ராலி காரிலும் ஏறினார். ஆனால் பட்டத்துக்கான ஓட்டத்தை விட்டவர் விட்டவர்தான்.

ராலியின் விதிப் புத்தகம் நேவிகேட்டருக்கு நியாயம் செய்கிறது. ஓட்டுநருக்குக் கிடைக்கும் புள்ளி நேவிகேட்டருக்கும் கிடைக்கிறது. உலக சாம்பியன் பட்டம் இருவருக்கும் தனித்தனியே உண்டு. மேடையில் இருவரும் ஏறுகிறார்கள். ஆனால் புகழ் அப்படிப் பங்கு பிரிவதில்லை. கார்சிகாவில் 1986 மே 2 அன்று நடந்த விபத்தை ராலி உலகம் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அதிவேகமான குரூப் பி கார்கள் தடை செய்யப்பட்டன. அன்று யார் இறந்தது என்று கேட்டால் ஹென்ரி டொய்வோனென் என்று உடனே பதில் வரும். கூடவே செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார் என்பது ஒரு நிமிடம் யோசித்தால்தான் நினைவுக்கு வரும். மைக்கேல் பார்க்குக்கு எஸ்டோனியாவில் அந்த நிலை ஏற்படவில்லை. அதற்கு ஒரு காரணம் மார்ட்டின். பார்க் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை என்பதைத் தன் நாற்காலியைக் காலி செய்து அவர் காட்டிவிட்டார்.

எஸ்டோனியாவின் பட்டக் கனவு அதோடு முடிந்துவிடவில்லை. பார்க் இறந்தபோது சாரெமா தீவில் ஓட் டானக் என்ற பையனுக்குப் பதினேழு வயது. அந்தப் பையனைக் கண்டெடுத்துத் தன் எம்.எம். மோட்டார்ஸ்போர்ட் அணியில் வளர்த்தவர் மார்ட்டின். பாதை சுலபமாக இல்லை. ஃபோர்டு கார்களை ஓட்டும் அணியில் 2012ல் கிடைத்த இடம் ஆண்டு முடிவிலேயே போயிற்று. 2013ஐ டானக் ஊரில் கழித்தார். திரும்பி வந்தபின் 2015 மெக்சிகோ ராலியில் அவருடைய கார் சாலையிலிருந்து சறுக்கி ஒரு நீர்த்தேக்கத்தில் விழுந்து முழுகிப்போனது. அவரும் நேவிகேட்டர் ரைகோ மெல்டரும் வெளியே நீந்தித் தப்பினார்கள். காரை மீட்டு, சேற்றைக் கழுவி, மறுநாளே மறுபடி ஓட்டினார்கள். 2016ல் போலந்தில் கைக்கு எட்டிய முதல் வெற்றி, கடைசிக்கு முந்திய கட்டத்தில் டயர் பஞ்சரால் நழுவியது. அழுதுகொண்டே இறங்கினார்.

அடுத்த ஆண்டு மார்ட்டின் யார்வெயோயா நேவிகேட்டராக வந்தார். அதே ஆண்டு இத்தாலியின் சார்டினியாவில் முதல் வெற்றி. 2019 அக்டோபரில், டொயோட்டா காரில், ஸ்பெயினில் உலகப் பட்டம். 2004 முதல் 2018 வரை பதினைந்து ஆண்டுகள் அந்தப் பட்டத்தை செபாஸ்டியன் என்ற பெயருள்ள இரண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தவிர வேறு யாரும் தொடவில்லை. லோப் ஒன்பது முறை, ஓஜியே ஆறு முறை. அந்த வரிசையை உடைத்தது எஸ்டோனியாவிலிருந்து வந்த இருவர்.

2020ல் கோவிட் தொற்றால் பல ராலிகள் ரத்தானபோது, காலியான தேதியில் எஸ்டோனியாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. செப்டம்பரில் உலக ராலி சாம்பியன்ஷிப் முதல் முறையாக அந்த நாட்டுக்கு வந்தது. நடந்த இடம் டார்ட்டு, மார்ட்டின் பிறந்த ஊர். ஜெயித்தவர்கள் டானக், யார்வெயோயா. மொத்தம் 22 உலக ராலி வெற்றிகளோடு, 2025 பருவத்துடன் முழுநேரப் போட்டியிலிருந்து ஒதுங்குவதாக டானக் அறிவித்தார். தோற்று ஓய்ந்த பின் போகவில்லை. அந்த ஆண்டுகூட அக்ரோபோலிஸில் ஜெயித்தவர்தான். எப்போது இறங்குவது என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்று எஸ்டோனிய ரசிகர்கள் மார்ட்டின் காலத்திலேயே கற்றிருந்தார்கள்.

மார்ட்டினுக்கு உலகப் பட்டம் இல்லை. அவர் ஜெயித்த ராலிகள் ஐந்து: அக்ரோபோலிஸ், பின்லாந்து, மெக்சிகோ, கார்சிகா, கட்டலோனியா. ராலி முடிவுப் பட்டியல்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஓட்டுநர் பெயர், அதை ஒட்டி நேவிகேட்டர் பெயர். அந்த ஐந்து பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் ஐந்திலும் முதல் வரியில் அதே இரண்டு பெயர்கள்: மார்க்கோ மார்ட்டின், மைக்கேல் பார்க். ஆறாவது ஒன்றில் பார்க் இடத்தில் வேறொரு பெயர் வருவதை மார்ட்டின் விரும்பவில்லை.